பழவேற்காட்டு ஏரியில் இறங்கி நின்று தூண்டில் போட: காலிலிருந்து தொடங்கும் வழிகாட்டி

ஞாயிறு விடியற்காலை ஏரிக்குக் கிளம்பும்போது கூட வருகிற புது ஆள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எந்த ராடு வாங்கலாம்?" நான் பதில் சொல்லாமல் அவர் காலைப் பார்ப்பேன். பெரும்பாலும் ரப்பர் செருப்பு இருக்கும். ராடு பற்றியும் சொல்கிறேன், ஆனால் அது நடுவில்தான் வரும். கரையில் நின்று மீன் பிடிப்பவனுக்குக் கை முக்கியம். தண்ணீரில் இறங்கி நிற்பவனுக்குக் கால்தான் எல்லாம்.

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய ஏரி பழவேற்காடு. வடக்கு தெற்காக 60 கிலோமீட்டர் அளவுக்கு நீள்கிறது. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு வால் மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில். சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். அதனால் படகு இல்லாதவனும் நடந்தே போய், கரையிலிருந்து வீசினால் எட்டாத பள்ளத்தின் ஓரத்தில் நின்று கொடுவா மீனுக்குத் தூண்டில் போடலாம். ஆழம் குறைவு என்பதுதான் இதில் ஏமாற்று வேலையும். முழங்கால் தண்ணீர்தானே என்று அலட்சியமாக இறங்கியவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இடம்: எங்கே இறங்கலாம், எங்கே கூடாது

தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஏரியில் மூன்று வகைத் தரை உண்டு. கடல் பக்கம், முகத்துவாரத்தை ஒட்டி, கெட்டியான மணல். மேற்குக் கரையில், ஆரம்பாக்கம், சுண்ணாம்புக்குளம் பக்கமெல்லாம், களிமண் சேறு. இரண்டுக்கும் நடுவே ஆங்காங்கே கிளிஞ்சலும் ஆளிச் சிப்பியும் படிந்த திட்டுகள். புதிதாக ஆரம்பிப்பவர் மணல் தரையை விட்டு நகர வேண்டாம், ஆனால் முகத்துவாரத்தின் வாய்க்கும் போக வேண்டாம். அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக நிற்பதைப் பார்த்துவிட்டு, "அங்கே தண்ணீர் கம்மி, நடந்து போய்விடலாம்" என்று கணக்குப் போடுவார்கள். தண்ணீர் குறைவு என்பது சரி. சேறும் குறைவு என்று யார் சொன்னது? அந்தப் பறவையின் எடை மூன்று கிலோ பக்கம், நம்முடையது எழுபது. தவிர, இது பறவைகள் சரணாலயம். பறவைக் கூட்டத்தை நோக்கி நடப்பது தப்பு. எந்தப் பகுதியில் இறங்க அனுமதி உண்டு என்று வனத்துறையிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஏரியில் மீன் பிடிக்கும் இடங்களை மீனவர்கள் "பாடு" என்று முறை வைத்துப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்றைக்கு இந்த இடம் இவர்களுக்கு, நாளைக்கு வேறொருவருக்கு. ஊன்றிய கழிகளும் மிதக்கும் தக்கைகளும் தெரிந்தால் அங்கே வலை இருக்கிறது, ஒருவருடைய அன்றாடச் சோறு இருக்கிறது. நூறு அடியாவது தள்ளிப் போங்கள். கரையில் பெரியவர் யாராவது இருந்தால், "அண்ணா, இங்க இறங்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். அந்தக் கேள்விக்கு வருகிற பதிலில் பள்ளம் எங்கே, சேறு எங்கே என்று எந்த மேப்பிலும் இல்லாத விவரம் இலவசமாகக் கிடைக்கும். தமிழ்நாடு முடிந்து ஆந்திரா தொடங்குகிற இடத்தில் தண்ணீரில் கோடு எதுவும் கிடையாது. தடா பக்கம் போனால் தெலுங்கில் நாலு வார்த்தை தெரிந்திருப்பது நல்லது. ஸ்ரீஹரிகோட்டாப் பக்கம் தடைசெய்யப்பட்ட பகுதி, அங்கே நடந்து போய் நிற்கிற எண்ணமே வேண்டாம். ராக்கெட் ஏவும் நாட்களில் வரும் அறிவிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம்: ஏற்றம், வற்றம், காற்று

கடலோடு சேர்ந்து ஏரித் தண்ணீரும் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஏறும், அது ஏற்றம். அப்புறம் அதே அளவு நேரம் இறங்கும், அது வற்றம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். சென்னைத் துறைமுகத்துக்கான நேரத்தைப் பார்த்துக்கொண்டால் முகத்துவாரத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். உள்ளே போகப் போகத் தாமதமாகும், மேற்குக் கரையில் ஏற்றம் வற்றம் சரியாகத் தெரியவே தெரியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் அதிகம் ஏறி அதிகம் இறங்கும். நம் கரையில் அந்த வித்தியாசமே ஒரு மீட்டர் அளவுதான். அது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். தட்டையான ஏரியில் ஓர் அடி தண்ணீர் ஏறினால் முழங்கால் தொடையாகிவிடும், தொடை இடுப்பாகிவிடும்.

ஏற்றத்தின்போது முதலில் நிரம்புவது நீங்கள் நிற்கும் மேடு கிடையாது. உங்களுக்கும் கரைக்கும் நடுவே இருக்கும் பள்ளம்தான் முதலில் நிரம்பும். முழங்கால் ஆழத்தில் தாண்டிப் போன வாய்க்கால், திரும்பும்போது நெஞ்சளவு இருக்கும். மேட்டில் நிற்கிறவனுக்கு இது தெரியாது, அவன் காலடியில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். எனவே கணக்கு இப்படி: வற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரத்தில் உள்ளே போங்கள். தண்ணீர் நின்று, திரும்ப ஏறத் தொடங்கியதும் வெளியே வாருங்கள். மீன் அந்த நேரத்தில்தான் நன்றாகக் கடிக்கும், எனக்கும் தெரியும். ஏற்றத்தில் பிடிக்க ஆசை இருந்தால் கரையை ஒட்டிய பள்ளத்தில், இந்தப் பக்கம் நின்று பிடியுங்கள்.

மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும். திறந்த ஏரியில் அது குட்டி அலைகளைக் கிளப்பித் தரையைக் கண்ணுக்கு மறைத்துவிடும். விடியலில் இறங்கி, பத்து மணிக்குள் கரையேறிவிடுவது என் வழக்கம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் வெள்ளம் கொண்டுவந்து கொட்டும். தண்ணீர் கலங்கி, தரையின் வடிவமே மாறிப்போயிருக்கும், அப்போது இறங்க வேண்டாம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை எனக்குப் பிடித்த காலம். போன வருஷம் நடந்த இடம்தானே என்று ஜனவரியில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கவும் கூடாது. புதிதாக ஒரு தடவை கழியால் குத்திப் பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

காலுக்கு: முதல் செலவு இதுதான்

முதல் வருஷம் ஒரு கடையில் "தண்ணி வேலைக்கு இதுதான் சார்" என்று முழங்கால் உயர கம்பூட் ஒன்றை என் தலையில் கட்டினார்கள். நானும் பெருமையாகப் போட்டுக்கொண்டு மேற்குக் கரையில் இறங்கினேன். இருபது அடி போனதும் தண்ணீர் பூட்டின் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கியது. ஒவ்வொரு காலும் ஒரு குடம் கனத்தது. அடுத்த அடியில் வலது கால் சேற்றில் இறங்கியது. இழுத்தேன், கால் வந்தது, பூட் வரவில்லை. இன்னமும் அது அங்கேதான் இருக்கிறது.

வாங்க வேண்டியது இது: கணுக்காலை மூடும் உயரம், கயிறு கட்டி இறுக்கும் வசதி, தண்ணீர் உள்ளே வந்தால் தானாக வெளியேறும் துணி, ஆளி ஓட்டில் கிழியாத தடித்த அடிப்பாகம். கடலில் நடப்பதற்கென்றே செய்த பூட்ஸ் ஆன்லைனில் கிடைக்கிறது. அவ்வளவு பணம் வேண்டாம் என்றால், கணுக்காலை மூடும் கான்வாஸ் ஷூவைக் கொஞ்சம் பெரிய அளவில் வாங்கி, உள்ளே தடித்த நியோப்ரீன் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். மணல் உள்ளே போய்த் தேய்ப்பதை அந்த சாக்ஸ் தடுக்கும். கயிற்றை இரட்டை முடிச்சாகப் போடுங்கள். வெறுங்கால், ரப்பர் செருப்பு, சாண்டல் மூன்றும் வேண்டாம். ஆளி ஓடு கத்தி மாதிரி அறுக்கும், அறுத்தது தண்ணீருக்குள் உடனே தெரியாது.

மார்பு வரை மூடும் ரப்பர் உடுப்பு குளிர் நாடுகளுக்கானது. நம் வெயிலில் அதற்குள் வெந்துபோவீர்கள். தடுக்கி விழுந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பி எழுந்திருக்கவும் விடாது. சீக்கிரம் காயும் முழுக்கால் பேன்ட் போதும். ஜீன்ஸ் கூடாது. அரைக்கால் டவுசர் வேண்டாம் என்பதற்குக் காரணம் சொறி மீன் (ஜெல்லி மீன்), அது உரசிய தொடையோடு வீட்டுக்கு வண்டி ஓட்டிப் பார்த்தால் தெரியும்.

மூன்றாவது காலாக ஒரு கழி. தோள் உயர மூங்கில் போதும். மேல் முனையில் கயிறு கட்டி இடுப்பில் மாட்டுங்கள், மீனோடு மல்லுக்கட்டும்போது கையைவிட்டாலும் பின்னாலேயே மிதந்து வரும். கீழே விரல் அகலத்தில் வண்ண டேப் ஒட்டி முழங்கால், தொடை, இடுப்பு அளவைக் குறித்து வைத்தால் ஆழமும் பார்த்துக்கொள்ளலாம்.

உடம்பில் மாட்டுவது

லைஃப் ஜாக்கெட் கட்டாயம். நீச்சல் தெரிந்தவருக்கும்தான். கை அசைவைத் தடுக்காத மெல்லிய வகையைத் தேர்ந்தெடுங்கள். அதன் முன்பக்கம், எந்தக் கையாலும் எட்டும் இடத்தில், ஒரு சிறு கத்தி. அறுந்து கிடக்கும் பழைய நரம்பு வலை காலில் சுற்றிக்கொண்டால் குனிந்து அவிழ்த்துக்கொண்டிருக்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும். கழுத்தில் விசில். போன் தண்ணீர் புகாத உறையில். எண்கள் இரண்டு: ஆம்புலன்ஸ் 108, கடலோரக் காவல்படை 1554. போலராய்டு கண்ணாடி வெயிலுக்கு மட்டும் கிடையாது. தண்ணீரின் பளபளப்பை அது வெட்டிவிடும், தரையும் பள்ளமும் சில சமயம் படுத்திருக்கும் திருக்கையும்கூடத் தெரியும். தொப்பி, முழுக்கை சட்டை, ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு பாக்கெட் ஓஆர்எஸ்.

கரையில் வண்டியில் ஒரு பெரிய ஃபிளாஸ்க் நிறைய வெந்நீரும் ஒரு பக்கெட்டும் இருக்கட்டும். டீ போட இல்லை. எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

சரி, இப்போது ராடு

ஏழிலிருந்து ஏழரை அடி, நடுத்தர வலு, 7 முதல் 28 கிராம் வரை வீசும் ஸ்பின்னிங் ராடு. தண்ணீரில் தாழ்ந்து நிற்கிறோம், குட்டையான ராடு என்றால் வீசும்போது நுனி தண்ணீரில் அடிக்கும். எட்டரை அடிக்கு மேல் போனால் பிடித்த மீனைத் தனியாளாகக் கிட்டே கொண்டுவருவது பாடு. ரீல் 3000 அல்லது 4000 அளவு, உப்புத் தண்ணீருக்கு என்று சீல் செய்ததாக இருக்க வேண்டும். விலை குறைந்த ரீலைத் தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுத்தால் அடுத்த வாரமே உள்ளே கரகரவென்று சத்தம் கேட்கும். பணம் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் ராடில் பிடியுங்கள், ரீலில் வேண்டாம்.

நரம்பு, அதாவது ரீலில் சுற்றும் தூண்டில் நூல்: 15 முதல் 20 பவுண்டு பிரெய்டு (பின்னிய நூல்), 150 மீட்டர். முனையில் லீடராக, அதாவது அறுபடாமல் இருக்க இணைக்கும் தடித்த நூலாக, மூன்றடி ஃப்ளோரோகார்பன், 25 முதல் 30 பவுண்டு. கொடுவாவின் செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், லீடர் இல்லாமல் போனால் அது அறுத்துவிட்டுப் போகும். தண்ணீரில் நின்றபடி முடிச்சுப் போடுவது நரகம். வீட்டிலேயே லீடர் கட்டி, இரண்டு உதிரியும் சுருட்டி எடுத்து வாருங்கள்.

லூர் (செயற்கை இரை) பெட்டியை முழுக்கத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டாம். நாலே நாலு: 10 கிராம் ஜிக் ஹெட்டில் (எடைத் தலை வைத்த முள்) வாலாட்டும் ரப்பர் மீன் இரண்டு நிறத்தில், பத்து சென்டிமீட்டர் மினோ (சின்ன மீன் வடிவ லூர்) ஒன்று, விடியலுக்கு மேல்தண்ணீரில் ஓடுவது ஒன்று. இவற்றுக்குக் கொடுவாவும் பாறை மீனும் வரும். உயிர் இறால் கிடைத்தால் மிதவைக்குக் கீழே கட்டி விடுங்கள், எந்த லூரும் அதற்கு ஈடாகாது. கிழங்கான் மீனுக்குச் சின்னத் தூண்டில் முள்ளில் இறால் துண்டு போதும்.

லூரில் இருக்கும் மும்முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுங்கள். முனைக்கு உட்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீன் நழுவுமே என்பார்கள். நரம்பை இறுக்கமாக வைத்திருந்தால் அவ்வளவாக நழுவாது. தொடையளவு தண்ணீரில் துள்ளுகிற மீன் வாயில் ஒரு முள், உங்கள் உள்ளங்கையில் இன்னொரு முள் என்று நிற்பதை நினைத்துப் பாருங்கள். குறடும் மீன் வாயைக் கவ்வும் கிரிப்பரும் இடுப்பில் சுருள் கயிற்றில் தொங்கட்டும். பிடித்த மீனைக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொள்வது பழைய வழக்கம், அதை மட்டும் விட்டுவிடுங்கள். மீன் நரம்பில் சுற்றும், தடுக்கிவிடும், ஆழத்தில் இழுக்கும். மிதக்கும் கூடை ஒன்றை நீளக் கயிற்றில் பின்னால் விட்டால் போதும், சட்டென்று அவிழும் முடிச்சோடு.

நடை: தேய்த்து வை

ஏரியில் இருளர் பெண்கள் இறால் தடவுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பறி என்கிற சிறு கூடையின் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, குனிந்து, இரண்டு கையையும் சேற்றின் மேல் பரப்பித் தடவியபடியே நகர்வார்கள். முகம் தண்ணீரை உரசும். கையில் இறால் தட்டியதும் அப்படியே வாய்ப்பக்கம் போய்ப் பறிக்குள் விழும். நான் பார்த்துக்கொண்டே நின்றது கையை இல்லை, காலை. பாதம் தரையைவிட்டு எழும்பவே இல்லை. நான் தண்ணீரில் கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்ததைப் பார்த்து ஓர் அக்கா சிரித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, தூக்கி வைக்காத. தேச்சிக்கினே வா. அது படுத்துக்கினு இருக்கும்."

"அது" திருக்கை. மணலைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். காலைத் தேய்த்து நடந்தால் பக்கவாட்டில் இடிபட்டு ஓடிவிடும். தூக்கி வைத்தால் நேராக அதன் முதுகில் மிதிப்பீர்கள், வால் முள் கணுக்காலில் ஏறும். இதைவிடப் பெரிய பாதுகாப்பு உபகரணம் எதுவும் விற்பனைக்கு இல்லை.

ஒரு காலை ஊன்றி, கழியை முன்னால் குத்தி, அப்புறம் அடுத்த காலைத் தேய்த்து நகர்த்துங்கள். ஓட்டத்துக்குப் பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள், நெஞ்சைக் காட்ட வேண்டாம். தொடைக்கு மேல் போகாதீர்கள். இடுப்பளவு ஆனதும் உடம்பு மிதக்கத் தொடங்கும், பாதத்துக்குப் பிடி இருக்காது. இறங்கும் முன் கரையில் இரண்டு அடையாளம் பார்த்து வையுங்கள், ஒரு பனைமரமும் அதன் பின்னால் ஒரு செல்போன் டவரும் மாதிரி. இரண்டும் ஒரே நேர்கோட்டில் தெரிந்தால் வந்த வழியில் இருக்கிறீர்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பிப் பாருங்கள். கூட ஓர் ஆள் இல்லாமல் இறங்கவே வேண்டாம். இரண்டு பேருக்கும் இருபது முப்பது அடி இடைவெளி போதும், கூப்பிட்டால் கேட்க வேண்டும், வீசினால் முள் படக் கூடாது.

சேற்றில் மாட்டினால்

கழி முழங்கால் அளவுக்குத் தடையில்லாமல் இறங்கினால் அங்கே போகாதீர்கள். தெரியாமல் போய்விட்டீர்கள் என்றால் இழுத்து வெளியே வரப் பார்க்காதீர்கள். ஒரு காலை இழுக்கும்போது முழு எடையும் மற்ற காலில் ஏறி அது இன்னும் ஆழமாகப் போகும். பின்னால் சாய்ந்து தண்ணீரில் உட்காருங்கள், லைஃப் ஜாக்கெட் தாங்கும். குதிகாலை மெதுவாக ஆட்டி, பாதத்தைச் சுற்றித் தண்ணீர் புக வழி விடுங்கள். உறிஞ்சும் பிடி விட்டதும் ஒரு கால் வரும். அதை மடக்கி முழங்காலைப் பரப்பி வைத்து, அடுத்ததை எடுங்கள். அப்புறம் எழுந்து நிற்காமல், கழியைக் குறுக்கே போட்டு அதன் மேல் கை ஊன்றித் தவழ்ந்து வந்த வழியே திரும்புங்கள். ராடு அசிங்கமாகும். ஆகட்டும்.

முகத்துவாரம்

ஏரித் தண்ணீர் வற்றத்தில் இந்தக் குறுகிய வாய் வழியாகக் கடலுக்குப் போகிறது. மீனும் அங்கேதான் கூடும், அதுதான் சோதனை. மணல் மேடு நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. நீங்கள் நிற்கும் விளிம்பே காலுக்கடியில் கரைந்து போகும். 2011 கிறிஸ்துமஸ் அன்று இந்தப் பக்கம் சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபது பேருக்கும் மேல் இறந்தது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கிறது. வாயில் இறங்கி நிற்காதீர்கள், ஈர மணலில் நின்று வீசினாலே மீன் எட்டும். தப்பித்தவறி ஓட்டம் இழுத்துவிட்டால் ராடை விடுங்கள். மல்லாந்து, காலை முன்னால் நீட்டி மிதந்தபடி விசில் ஊதுங்கள். எதிர்த்து நீந்தாமல் ஓட்டத்துக்குக் குறுக்காக, மெதுவாகக் கரைப்பக்கம் ஒதுங்குங்கள்.

இடி கேட்டால் அந்த நிமிடமே வெளியே வர வேண்டும். பரந்த ஏரியில் உயரமான பொருள் நீங்கள்தான், கையில் இருக்கும் கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும்.

குத்தினால், கிழித்தால்

ஃபிளாஸ்க் இதற்குத்தான். திருக்கை முள், கெளுத்தி முள் இரண்டின் விஷமும் சூட்டுக்கு அடங்கும். பக்கெட்டில் வெந்நீரைக் கலந்து, அடிபடாத கையால் சூடு பார்த்து, தாங்கக்கூடிய அதிகச் சூட்டில், 45 டிகிரி வரை, காயத்தை மூழ்க வைத்திருங்கள். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைக்க வேண்டியிருக்கும். வலியில் துடிப்பவருக்குக் கொதிநீரும் சுகமாகத் தோன்றும், அதனால் சூட்டைக் கூட இருப்பவர்தான் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் வெந்துவிடும். முள் வயிற்றிலோ நெஞ்சிலோ கழுத்திலோ ஏறியிருந்தால் பிடுங்காதீர்கள், அப்படியே 108. காலில் குத்தியதற்கும் மருத்துவமனை போய்த்தான் ஆக வேண்டும். முள்ளின் துணுக்கு உள்ளே தங்கும், டெட்டனஸ் ஊசியும் தேவைப்படும். கெளுத்தியைக் கையால் பிடிக்கவே வேண்டாம், முதுகில் ஒன்று, செவுளுக்குப் பக்கத்தில் இரண்டு என்று மூன்று முள். பேத்தை (உடம்பை ஊதிக்கொள்ளும் மீன்) மாட்டினால் தூண்டில் முள்ளை எடுத்துவிட்டு அதைத் தண்ணீரில் விடுங்கள், அது சமைத்தாலும் போகாத விஷம். கடல் பாம்பு நரம்பில் சிக்கினால் நரம்பை அறுத்துவிட்டு விலகுங்கள். கடித்தால் வலிகூடப் பெரிதாகத் தெரியாது, ஆனாலும் உடனே மருத்துவமனை.

கரையேறிய பிறகு

ரீலின் டிராகை (நரம்பு இழுபடுவதைத் தடுக்கும் பிரேக்கை) இறுக்கி, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். பைப்பைப் பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளேதான் போகும். துடைத்து, டிராகைத் தளர்த்தி, நிழலில் காய வையுங்கள். ஷூவையும் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

அதற்கு முன் உங்கள் கால். சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கு வரை பாருங்கள். வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ என்ற பாக்டீரியா இருக்கும், சின்ன கீறல் அதற்குப் போதும். கல்லீரல் நோய், சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆறாத புண்ணோடு ஏரியில் இறங்கவே கூடாது. மற்றவர்களும் அடுத்த ஒரு நாள் காயத்தைக் கவனியுங்கள். சிவப்பு பரவுகிறது, வீங்குகிறது, கொப்புளம் எழுகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் காலை வரை காத்திருக்காமல் இரவோடு இரவாக டாக்டரிடம் போய், உப்புத்தண்ணீரில் இறங்கியதை அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.